புள்ளி வைக்காத சொல்

1

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள் ஸ்டெல்லா கேட்ட ஒரு கேள்வி. அவளுக்குப் பதினாறு வயது. எட்டு வயதில் புதுச்சேரியிலிருந்து இங்கே பாரிசுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து இறக்கினோம். இப்போது தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வருகிறது. கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், அதுவும் அவள் அம்மாவின் தமிழ்.

போன வியாழக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கிற பிரிவில் எனக்கு வேலை. ஸ்டெல்லா சமையலறையில் ஒரு பழைய விரிப்பை மேசைமேல் பரப்பி, கறுப்பு மையைத் தோய்த்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ‘மந்திரி அவர்களே, எங்கள் வகுப்புக்கு ஒரு நாள் வந்து நின்று பாருங்கள். உட்கார இடம் இல்லை’ என்று பிரெஞ்சில் கொட்டை எழுத்தில் இருந்தது.

“இன்னாடி இது?”

“மனிஃப் பப்பா. மத்தியானம் ஸ்கூல் மொத்தமும் போறோம்.”

மனிஃப் என்றால் இங்கே ஊர்வலம். “போலீசு புடிக்காதா?” என்று கேட்டேன்.

“ஏன் புடிக்கணும்? அவங்கதான் காரெல்லாம் நிறுத்தி எங்களுக்கு வழி விடுவாங்க.”

மந்திரியைத் திட்டப் போகிறவர்களுக்குப் போலீஸ் வழிவிடுகிறதாம்! இதை அவள் தண்ணீர் குடிக்கிற மாதிரி சொல்கிறாள். நான் அந்த விரிப்பையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு சிரித்தாள்.

“நீ எப்பவாவது கவர்மெண்ட்ட எதுத்துப் பேசியிருக்கியா பப்பா?”

“நான் பேசினதில்லம்மா. பேசினவங்க பேசினத எழுதியிருக்கேன்.”

“பேப்பருக்கா?”

“இல்ல. போலீசுக்கு.”

அவள் கையில் இருந்த தூரிகை அப்படியே நின்றது. “எஸ்பியோனா நீ?” என்றாள். வேவு பார்க்கிறவனை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க வெள்ளை விரிப்பு எதைப் பார்த்தாலும் அந்தச் சொல்தான் தெரிந்தது. பெற்ற பெண் கேட்கிற கேள்வியா அது! ஆனால் அவளைச் சொல்லி என்ன? நான் சொன்ன விதம் அப்படி.

2

வேவு இல்லை. வேவு பார்க்கிறவன் ஒளிந்திருப்பான். நான் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தவன்.

எழுபதுகளில் புதுச்சேரியில் எதிர்க்கட்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் மேடைக்குக் கீழே இடது பக்கமாக ஒரு சின்ன மேசையும் நாற்காலியும் இருக்கும். அது எனக்கு. போலீஸ் துறையில் தமிழ்ச் சுருக்கெழுத்தர் வேலை. சீருடை கிடையாது, வெள்ளைச் சட்டைதான். மேடையில் பேசுகிறவர் வாயைத் திறந்தால் என் பென்சில் ஓட ஆரம்பிக்கும். அவர் உட்கார்ந்தால் நிற்கும். மறுநாள் காலை அதையெல்லாம் டைப் அடித்து மேலே அனுப்ப வேண்டும். தன்னை ஒருவன் தெருவில் நின்று திட்டுகிறான். அதை ஒரு சொல் விடாமல் எழுத அரசாங்கமே ஆள் போட்டு, மாதாமாதம் சம்பளமும் கொடுத்து, பென்சிலையும் வாங்கித் தருகிறது! உலகத்தில் இப்படி ஒரு வேலை இருக்குமா என்று முதல் நாளே வாயைப் பிளந்தேன். இன்றைக்கும் அந்த ஆச்சரியம் எனக்குத் தீரவில்லை.

சுருக்கெழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் மெய்யெழுத்துக்குத்தான் கோடு. உயிரெழுத்துக்குக் கோட்டின் பக்கத்தில் ஒரு புள்ளி. பேசுகிறவர் வேகம் பிடித்துவிட்டால் புள்ளி வைக்க யாருக்கு நேரம்? கோட்டை மட்டும் இழுத்துக்கொண்டு போவோம். டைப் அடிக்கும்போது முன்பின் பார்த்து உயிரைப் போட்டுக்கொள்வோம். ண, ன வித்தியாசமும் கிடையாது, இரண்டுக்கும் ஒரே கோடு.

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியைப் பக்கத்து மாநிலத்தோடு சேர்த்துவிடலாம் என்று டில்லியில் பேச்சு கிளம்பியதே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே கொதித்தது. தினம் இரண்டு கூட்டம், மூன்று கூட்டம். எழுதி எழுதி என் விரல் வீங்கிப் போயிருந்த நேரம். ஒரு நாள் எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, நான் அனுப்பிய தாளை நீட்டினார்.

“சேசுராஜ், டில்லிக்காரன் எப்பய்யா இவங்களுக்கு இனிப்பு குடுத்தான்?”

வாங்கிப் பார்த்தேன். ‘டில்லி தரும் இந்த இனிப்பு எங்களுக்கு வேண்டவே வேண்டாம்’ என்று அடித்திருந்தேன். இணைப்பு, இனிப்பு ஆகிவிட்டது. ஆபீஸ் முழுக்க ஒரு வாரம் என்னை லட்டு என்று கூப்பிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போதே பயந்திருக்க வேண்டும், பயப்படவில்லை.

3

அந்த நாட்களில் நான் அதிகமாக எழுதியது கலியபெருமாளின் பேச்சைத்தான். பஞ்சாலையில் தறிப் பிரிவில் வேலை பார்த்தவர். உழவர்கரைப் பக்கம் வீடு. எதிர்க்கட்சியில் பெரிய பதவி ஒன்றும் கிடையாது. கறுத்து மெலிந்த ஆள், தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை. மைக் இல்லாவிட்டாலும் மூன்று தெருவுக்குக் கேட்கும். வேலை முடிந்து அழுக்கு வேட்டியோடு நேரே மேடைக்கு வந்துவிடுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் பேச நின்றால் கடற்கரைக்குப் போகிற கூட்டம் கூட நின்று கேட்கும்.

“டில்லியில மேப்ப விரிச்சி வெச்சிக்கிட்டு முடிவு பண்றாங்களாம். அந்த மேப்புல ஒரு ஈ வந்து குந்திச்சின்னா நம்ம ஊரு மறைஞ்சிடும். அதனால ஊரே இல்லன்னு நெனச்சிட்டாங்க. ஐயா டில்லி சர்க்காரே, ஈய ஓட்டிட்டுப் பாருங்க, கீழ நாங்க இருக்கறோம்!”

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கும். எழுதிக்கொண்டிருக்கிற எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் வேலையில் சிரிக்கக் கூடாது, பல்லைக் கடித்துக்கொள்வேன். நூல் விலை ஏறியதற்கும், ஆலையில் ஷிப்ட்டைக் குறைத்ததற்கும், ரேஷன் அரிசியில் கல் கிடந்ததற்கும் டில்லியைக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் அவர் இணைப்புக்கு வருவார். “பரந்தீஸ்காரன் போறப்ப எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கான், இந்த ஊரு ஜனத்தக் கேக்காம எதையும் மாத்தக் கூடாதுன்னு. அன்னிக்கு அவன் கேட்டுக்கினான். நம்ம ஆளுங்க நீங்க, நீங்க கேக்க வேணாமா?” என்று பிரெஞ்சுக்காரனை இழுத்துக் கேட்பார். ஐந்தாவது கூடத் தாண்டாத மனிதர்! இதையெல்லாம் எங்கே படித்தார், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்கு மலைப்பாக இருக்கும்.

ஆனால் என்னை ஆட்டிப்போட்டது வேறு. ஒரு கூட்டத்தில் அவர் வேகம் பிடித்து நான் திணறிவிட்டேன். பென்சில் முனை ஒடிந்து, வேறு பென்சிலைத் தேடினேன். மேடையில் பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தால் கலியபெருமாள் குனிந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“இன்னா சார், வேகமாப் போயிட்டனா? நீங்க மெதுவா எழுதுங்க. இங்க இருக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்ச கதை. நீங்க எழுதறதுதான் டில்லிக்குப் போவுது. நான் உங்களுக்காகத்தான் பேசறேன்.”

கூட்டம் கைதட்டியது. யாரோ எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அவரைப் பிடித்து உள்ளே போட என் தாள்தான் பயன்படும் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த மனிதர் எனக்காக நின்று, கடைசி வாக்கியத்தை மறுபடி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன்.

4

இங்கே வந்த பிறகு என் பேச்சை ஒருவர் எழுத, நான் எதிரே நிற்கிற முறை வந்தது.

என் மனைவி தெரேசின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அதனால் தெரேசுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை பிறப்பிலேயே உண்டு. எனக்குக் கிடையாது, நான் வரிசையில் நிற்க வேண்டியவன். குடியேற்ற அலுவலகக் கவுன்டரில் இருந்த அம்மாள் என் காகிதங்களைப் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, “முசியே, நீங்கள் எந்த ஊரில் பிறந்தீர்கள்?” என்றாள்.

“அரியாங்குப்பம்.”

“பாஸ்போர்ட்டில் அப்படி இருக்கிறது. பிறப்புச் சான்றில் அரியான்கூப்பாம் என்று இருக்கிறதே. இரண்டு ஊரில் ஒருவர் பிறக்க முடியாது.”

பிறப்புச் சான்று பிரெஞ்சுக்காரர் காலத்தில் எழுதியது. அவர்கள் காதில் விழுந்ததை அவர்கள் எழுத்தில் எழுதினார்கள். பாஸ்போர்ட்டை எழுதியவர்கள் இங்கிலீஷில் எழுதினார்கள். ஊர் ஆற்றுக்குத் தெற்கே இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, அம்மா! இதைச் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. ‘ஊர் ஒன்றுதான்’ என்று சொல்ல நினைத்து, ‘நான் ஒருவன்தான்’ என்று சொல்லித் தொலைத்தேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஆறு தரம் அலைந்து, மேரிக்குப் போய் ஒரு கடிதம் வாங்கி வந்த பிறகுதான் இரண்டு ஊரும் ஒன்றாயின. மேரி என்றால் நம் ஊரிலும் நகராட்சிக் கட்டடம்தானே. “பப்பா, திரும்பவும் மேரி அத்த வீட்டுக்கா போற?” என்று சின்னப் பிள்ளையாய் ஸ்டெல்லா அப்போது கேட்பாள்.

பிரெஞ்சு கற்றுக்கொள்ள ரேடியோச் செய்தியைத் தமிழ்ச் சுருக்கெழுத்தில் எடுத்துப் பார்த்தேன். அடக் கடவுளே! அந்தப் பாஷையில் உயிரை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவுமே இல்லை. நோட்டு முழுக்க ஒரே கிறுக்கல்.

கவுன்டரில் நின்ற அந்த ஆறு நாளும் நான் கலியபெருமாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் எழுதுகிற ஒரு எழுத்தில் நம் பிழைப்பு மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

5

புதுச்சேரியில் அந்த நாட்களில் இணைப்புக்கு எதிராக ஒரு பெரிய கூட்டம். கலியபெருமாள் அன்றைக்கு உச்சத்தில் இருந்தார். பேசி முடிக்கிற இடத்தில் கைதட்டல் காதைப் பிளந்தது. மறுநாள் நான் வழக்கம்போல டைப் அடித்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரை வீட்டில் வைத்துக் கைது செய்தார்கள். வன்முறையைத் தூண்டினார் என்று வழக்கு. ஆதாரம் என் அறிக்கையில் ஒரே ஒரு வரி. ‘நாளை ஊர் முழுக்கக் கடையை அடிப்போம்.’

அடிப்போமா? அந்த மனிதர் அப்படிப் பேசுகிறவர் இல்லையே! நோட்டை எடுத்துப் புரட்டினேன். கோடுதான் இருந்தது, பக்கத்தில் புள்ளி இல்லை. அடிப்போம் என்றும் படிக்கலாம், அடைப்போம் என்றும் படிக்கலாம். அதற்கு முந்தின வரியில், ஆலை வாசலில் தொழிலாளிகளைப் போலீஸ் அடித்ததைப் பற்றிப் பேசியிருந்தார். ‘அடிச்சாங்க, அடிச்சாங்க’ என்று டைப் அடித்துக்கொண்டு வந்த என் விரல் அதே வேகத்தில் இதையும் அடித்துவிட்டது. அடுத்த வரியைப் பார்த்தேன். ‘மறுநாளு நாமளே தொறப்போம்.’ அடித்து நொறுக்கிய கடையை யார் மறுநாள் திறப்பார்கள்? அவர் சொன்னது அடைப்போம். இது சின்னப் பிள்ளைக்குக் கூடப் புரியும். ஆனால் புகாரில் ஒரு வரியை மட்டும்தான் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அதிகாரியிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“இனிப்பு மாதிரியா?” என்றார்.

“ஆமா சார். என் தப்புதான். திருத்திக் குடுத்துடறேன்.”

“திருத்தறியா? உன் கையெழுத்துப் போட்டு மேல போன ரிப்போர்ட்டு. அத வெச்சி ஒரு ஆள அரெஸ்ட் பண்ணியாச்சி. இப்ப தப்புன்னா, பொய் ரிப்போர்ட்டு குடுத்தன்னு உம்மேலதான் திரும்பும். புள்ளகுட்டிக்காரன் நீ. கோர்ட்டுல கேட்டா இருக்கறதப் படி. கேக்கலன்னா வாய மூடிக்கினு இறங்கி வந்துடு.”

அவரும் கெட்டவர் இல்லை. அவர் வேலையை அவர் காப்பாற்றிக்கொண்டார். நானும் அதையேதான் செய்தேன். வாயை மூடிக்கொண்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கலியபெருமாள் இரண்டு வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். ஆலையில் அவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். தண்டனை வந்தால் வேலை ஒரேயடியாகப் போய்விடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் தினமும் அரியாங்குப்பம் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி ஆற்றைப் பார்த்துவிட்டுப் போவேன். தெரேசிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள், “அந்தாளோட பொண்டாட்டி மூஞ்ச நெனச்சிப் பாத்தீங்களா?” என்று ஒரே ஒரு தரம் கேட்டாள்.

6

விசாரணை அன்றைக்குக் கோர்ட்டில் நல்ல கூட்டம். கலியபெருமாளின் மனைவி கையில் சாப்பாட்டுத் தூக்கோடு கடைசியில் நின்றிருந்தார். என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். ‘இந்த அறிக்கை நீங்கள் கொடுத்ததா?’ ஆமாம். ‘இது உங்கள் கையெழுத்தா?’ ஆமாம். அவ்வளவுதான் கேட்டார்கள். அந்த வரியைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரி சொன்னபடி இறங்கிவிடலாம். ஒரு காலைக் கீழே வைத்தும்விட்டேன்.

கலியபெருமாள் வக்கீல் வைக்கவில்லை. மாஜிஸ்திரேட் அவரைப் பார்த்து, “சாட்சிகிட்ட ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ஐயா. சார் அன்னிக்கு எழுதின நோட்டு கையில இருக்குதா?”

“இருக்கு” என்றேன்.

“நான் பேசினது மொத்தமும் அதுல இருக்குதா?”

“மொத்தமும் இருக்கு.”

“அப்ப அத முழுசும் படிக்கச் சொல்லுங்க ஐயா. ஒரு வரிய மட்டும் படிச்சா நான் இன்னா பேசினேன்னு எனக்கே தெரியல.”

மாஜிஸ்திரேட் கொஞ்சம் யோசித்துவிட்டு, படிக்கச் சொன்னார்.

நான் நோட்டைப் பிரித்தேன். அதுவரை எத்தனையோ பேச்சை எழுதியிருக்கிறேன், ஒன்றைக் கூட வாய்விட்டுப் படித்ததில்லை. முதல் இரண்டு வரியை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி படித்தேன். “சத்தமாப் படிங்க” என்றார் மாஜிஸ்திரேட். சத்தமாகப் படித்தேன். நூல் விலை வந்தது, ஷிப்ட்டு வந்தது, ரேஷன் அரிசி வந்தது. “ஐயா டில்லி சர்க்காரே, ஈய ஓட்டிட்டுப் பாருங்க” என்று படித்தபோது கோர்ட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டவாலி கூடச் சிரித்தார். எனக்கு என்ன ஆனதென்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. உடம்பு சிலிர்த்துப் போயிற்று. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன், அரசாங்கக் கூண்டில் நின்றுகொண்டு, அரசாங்கத்தைப் பார்த்து, “எங்களக் கேக்காம எப்படி முடிவு பண்ணுவீங்க?” என்று கேட்கிறேன்! அரை மணி நேரம் கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஆலை வாசலில் அடித்தது வந்தது. அடுத்து அந்தக் கோடு வந்தது.

“நாளைக்கு ஊரு முழுக்கக் கடைய அடைப்போம். மறுநாளு நாமளே தொறப்போம்.”

நான் யோசித்துச் சொல்லவில்லை. அந்தப் பேச்சைப் படித்துக்கொண்டே வருகிற எவன் வாயிலும் வேறு சொல் வராது. அரசுத் தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். “அறிக்கையில அடிப்போம்னு இருக்கே!”

“அது நான் டைப் அடிச்சப்ப பண்ணின தப்புங்க. அவர் சொன்னது அடைப்போம்.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“பயமா இருந்திச்சிங்க.”

அதையும் அவர் எழுதிக்கொண்டார். வழக்கு தள்ளுபடி ஆயிற்று. ஆலையில் கலியபெருமாளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இணைப்புப் பேச்சும் போன இடம் தெரியாமல் போயிற்று. என் மேல் விசாரணை வைத்து, சம்பள உயர்வை நிறுத்தி, பழைய கோப்பு அடுக்குகிற அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஒன்றரை வருஷம் அங்கே தூசு தின்றேன். பிறகுதான் தெரேஸ், “எங்கப்பா சம்பாதிச்ச பிரெஞ்சுக் குடியுரிமைக் கார்த் இருக்குது, வாங்க போலாம்” என்று கிளப்பினாள்.

7

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவை உட்கார வைத்துச் சொன்னேன். நான் தமிழில் சொன்னேன், புரியாத இடத்தில் தெரேஸ் பிரெஞ்சில் சொன்னாள். அடிப்போம், அடைப்போம் வித்தியாசத்தை விளக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. கதவை அடித்துக் காட்டினேன், அடைத்துக் காட்டினேன். ஊர்வலத்தில் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கரகரத்த குரலில் கேட்டாள்.

“உன்னாலதானே அவர் ஜெயிலுக்குப் போனார். அவருக்கு உம்மேல கோபம் வரலியா?”

அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். கோர்ட் முடிந்து நான் வராந்தாவில் தூண் ஓரமாக நின்றிருந்தேன். கலியபெருமாள் தன் மனைவியோடு அந்தப் பக்கமாகத்தான் வந்தார். காலில் விழுந்துவிடலாமா என்று தோன்றியது. “என்ன மன்னிச்சிடுங்க” என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கட்சிக்காரர்கள் சுற்றி நிற்க, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சார், நான் நாலு தெருவுலதான் பேசினேன். நீங்க கோர்ட்டுலயே பேசிட்டீங்க. நல்லா பேசினீங்க சார்.”